வெள்ளிக்கிழமைக் கஞ்சி

எங்கள் வீட்டுக்கு மருமகள் வந்தபோது கூடவே ஒரு காலேஜும் வந்தது. சம்பந்தம் பேசும்போதே அவளுடைய அம்மா சொல்லிவிட்டார்கள்.

"பிள்ளைக்கு இன்னும் ஒரு வருசப் படிப்பு இருக்கு. அதை முடிக்க விடுறதா இருந்தா மேற்கொண்டு பேசுவோம்."

எங்கள் வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்விதான். "எந்தக் காலேஜு?"

சிஸ்டர்மார் நடத்துகிற பொம்பளைப் பிள்ளைகள் காலேஜ் என்றதும் அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. "அப்பச் சரி. அங்க கேட்டைச் சாத்துனா ஈ எறும்பு உள்ள போகாது" என்றார்.

எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதே கதைதான். பிள்ளைகள் ஓதுவது மதரஸாவில், படிப்பது சிஸ்டர் காலேஜில். மற்ற காலேஜ் என்றால் ஆயிரம் யோசனை பண்ணுகிற, பிள்ளைகளைப் பெற்ற அத்தாமார்கள், சிஸ்டர் காலேஜ் என்றால் மட்டும் விடிந்ததும் போய் வரிசையில் நிற்பார்கள்.

கல்யாணம் முடிந்து மகன் சவுதிக்குத் திரும்பிப் போனான். காளவாசலில் கீழே மெத்தைக் கடை, மேலே வீடு. அவர், நான், மருமகள், மூன்று பேர்தான். கடையில் பஞ்சு அடைத்தால் மாடியில் எங்களுக்குத் தும்மல் வரும்.

எனக்கு அந்தக் காலேஜைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மருமகள் சொல்லித்தான். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பூண்டு உரிக்க உட்கார்ந்தால் அவள் கதை சொல்ல ஆரம்பிப்பாள். காலையில் ஜெப மணி அடித்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்களாம். இவள் மனசுக்குள் அல்ஹம்து சூரா ஓதிக்கொள்வாளாம். முதல் வருசம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களில் ஒரு ராஜா இவள்தானாம். தாடி ஒட்டிக்கொண்டு, தலையில் கிரீடத்தோடு நின்ற படத்தைப் போனில் காட்டினாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"மாமாட்ட காட்டிராதீங்க மாமி" என்றாள்.

"காட்டுனா மட்டும் உன்னையன்னு கண்டுபிடிக்கவா போறாரு" என்றேன்.

இன்னொரு நாள் அவளுடைய ஆசையைச் சொன்னாள். காலேஜில் வகுப்பு முடிந்ததும் சாயங்காலத்தில் சர்க்கார் வேலைப் பரீட்சைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் சேர்ந்திருந்தாள்.

"தாலுகாபீஸ்ல ஒரு நாற்காலி மாமி. மேல ஒரு ஃபேனு. மேஜையில என் பேரு. அம்புட்டுத்தான் எனக்கு வேணும்" என்றாள். பூண்டுத் தோல் பறக்கிறதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கிரீடம் வைத்த படத்தைக் காட்டினபோதுகூட அவள் முகம் அப்படி இல்லை.

அப்புறம் நோன்பு வந்தது. சாயங்கால வகுப்பு விளக்கு வைத்த பிறகுதான் முடியும். நோன்பு திறக்கிற நேரத்துக்கு அவளால் வீட்டுக்கு வரமுடியாது. முதல் நாளே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"இந்த ஒரு மாசம் சாயங்கால வகுப்பு வேணாம். நோன்பு முடிஞ்சு போய்க்கிறட்டும்."

"லீவு போட்டா பேரை எடுத்துருவாங்க மாமா. எடம் கெடைக்காம நெறையப் பிள்ளைக நிக்கிதுக. அங்கயே நோன்பு திறந்துக்கிறச் சொல்லிட்டாங்க சிஸ்டர். ரூம்பு குடுக்குறாங்க, தொழுகவும் எடம் இருக்கு."

"ரூம்பு குடுப்பாங்க. கஞ்சி யார் குடுப்பா? பேரீச்சம்பழத்தக் கடிச்சு ஒரு மடக்குத் தண்ணி குடிச்சா அதுக்குப் பேரு நோன்பு திறக்கிறதா? நாள் பூராவும் காஞ்சு கெடந்துட்டு?"

மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பழமும் தண்ணீரும் போதும். ஆனால் அவருக்குக் கஞ்சி இல்லாத நோன்பு நோன்பே இல்லை. அவருடைய அத்தாவும் அப்படித்தான்.

நான் அடுப்படியிலிருந்து சொன்னேன். "கஞ்சிய நான் கொண்டு போறேன்."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

"நீயா? ஷேர் ஆட்டோக்காரன்ட்ட நிப்பாட்டச் சொல்ல வெக்கப்பட்டு ஆரப்பாளையம் வரைக்கும் போயி நடந்து வந்தவ நீ."

அது உண்மைதான். கடைக்கு ஆள் வந்தால் நான் மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுவேன். முன்பின் தெரியாதவர்களிடம் பேசினால் எனக்குக் கழுத்தெல்லாம் வேர்க்கும். ஆனால் மருமகள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தத் தாலுகாபீஸ் நாற்காலி தெரிந்தது.

"சரி, போ. நீ கஞ்சி கொண்டுபோற வரைக்கும் அவ படிக்கட்டும். நீ நின்ன அன்னைக்கு அவளும் நிப்பா" என்றார்.

இப்படியாக அந்தப் பிள்ளையின் படிப்பு என்னுடைய தூக்குவாளியில் வந்து நின்றது.

முதல் நாள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தூக்குவாளியோடு போய் இறங்கினேன். கேட்டில் வாட்ச்மேன். திருவாதவூர்க்காரர், பெரிய மீசை. "யாரைம்மா பாக்கணும்?" என்றார். எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. தூக்குவாளியைத் தூக்கிக் காட்டினேன்.

"சாப்பாடு விக்கவெல்லாம் உள்ள விடமாட்டாங்க பாயம்மா."

நான் பேசாமல் வேப்பமரத்தடியில் போய் நின்றுவிட்டேன். மருமகள் தேடிக்கொண்டு ஓடி வந்தபோது அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "வாயத் தொறந்து சொல்லியிருந்தா நானே தூக்கிட்டு வந்திருப்பேனே பாயம்மா!" மறுநாளிலிருந்து என்னைத் தூரத்தில் கண்டதும் சின்னக் கேட்டைத் திறந்து வைத்துவிடுவார். "வயல மகன்ட்ட விட்டுட்டு இங்க வந்தேன். முன்னாடி ஆட்டை எண்ணி உள்ள விட்டேன், இப்பப் பிள்ளைகள எண்ணி உள்ள விடுறேன்" என்பார். பிள்ளைகள் "அண்ணே!" என்று சண்டைக்குப் போவார்கள்.

எங்களுக்குக் கொடுத்த அறை, முஸ்லிம் பிள்ளைகள் புர்காவைக் கழற்றி மாட்டுகிற அறை. சுவரெல்லாம் கொக்கி. எல்லாம் கறுப்பு. எது யாருடையது என்று தெரிய, ஒருத்தி கழுத்துப் பட்டியில் சிவப்பு நூல் தைத்திருப்பாள், ஒருத்தி ஊக்கு குத்தியிருப்பாள். அப்படியும் திருப்பரங்குன்றத்துப் பிள்ளை ஒருத்தி அடுத்தவளுடையதை மாட்டிக்கொண்டு வீடு வரைக்கும் போய்விட்டாள். போன பிறகுதான் பையில் கை விட்டால் வேறு யாருடைய சாவியோ இருந்ததாம்.

ஆறு மணிக்குக் காலேஜ் கோயிலில் மணி அடிக்கும். எங்களுக்கு அதற்கு மேலும் கொஞ்ச நேரம் இருக்கிறது. ஒரு நாள் மணிச் சத்தம் கேட்டதும் ஒரு பிள்ளை பேரீச்சம்பழத்தை வாய்க்கருகே கொண்டுபோய்விட்டது. "அடியே, அது அவங்களுக்குடி! நமக்கு இன்னும் பாங்கு சொல்லலை!" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் அவள் கையைப் பிடித்தார்கள்.

சாயங்கால வகுப்பை நடத்துகிற பெரிய சிஸ்டர் நல்ல உயரம். நடந்தால் அங்கி காற்றில் பறக்கும். தினம் அறை வாசலில் எட்டிப் பார்த்து, "வாங்கம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு உடனே தலையில் கை வைத்துக்கொள்வார்கள். "நோன்பு! மறந்துட்டேன்!" மறுநாளும் அதையே கேட்பார்கள். வாய்ப் பழக்கம். நான் துப்பட்டிக்குள் சிரிப்பேனே தவிர, ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை.

தினம் கொண்டுபோன கஞ்சி, அரிசி நொய்யும் பாசிப்பருப்பும் பூண்டும் வெந்தயமும் போட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றினது. வெள்ளிக்கிழமை மட்டும் எங்கள் வீட்டில் கொத்துக்கறி சேரும். ஜும்மா நாள் அல்லவா. முதல் வெள்ளிக்கிழமை வந்தபோது எனக்கு ஓர் எண்ணம். இடம் கொடுத்து, பாய் விரித்து, குடம் குடமாகத் தண்ணீர் வைக்கிறார்கள். அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுக்க வேண்டாமா? நல்ல நாளில் நல்லதாகக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

வீட்டுக்காரருக்கு என்னைவிட உற்சாகம். "சிஸ்டர்மாருக்குன்னா எளங்கறியா வாங்கிக் கொத்திட்டு வாரேன்" என்று அவரே போய் வந்தார். தூக்குவாளி போதாது என்று குண்டானை எடுத்தேன். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் பட்டை கிராம்பு மணம். டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

நோன்பு திறந்து பிள்ளைகள் எல்லாம் தொழுவதற்கு அடுத்த அறைக்குப் போனார்கள். நான் தொழுதுவிட்டு முதலிலேயே வந்து டம்ளர்களில் ஊற்றி வைத்தேன். பெரிய சிஸ்டர் இன்னும் மூன்று சிஸ்டர்மாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கு ஒன்றை எடுத்து நீட்டினேன். வாங்கினார்கள். முகத்துக்கு நேரே கொண்டுபோனார்கள். மூன்று சிஸ்டரும் பெரிய சிஸ்டரைப் பார்த்தார்கள். பெரிய சிஸ்டர் டம்ளருக்குள் பார்த்தார்கள்.

"ரொம்ப வாசமா இருக்கும்மா... நாங்க அப்புறமாச் சாப்பிடுறோம்" என்றார்கள்.

நான்கு டம்ளரையும் ஜன்னல் கட்டையில் வைத்துத் தட்டைப் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எங்கள் கையால் சமைத்ததைச் சாப்பிட யோசிக்கிறார்கள் என்று நினைத்தேன். என்ன கறியோ என்று சந்தேகப்படுகிறார்கள் என்று நினைத்தேன். ஆட்டுக்கறிதான் சிஸ்டர், எங்க வீட்டுக்காரர் நின்னு கொத்தி வாங்கினது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அதைச் சொல்லாமலே, குண்டானைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, காலேஜ் லீவு. "எனக்கு முட்டி வலிக்கிது. திங்கக்கெழமைலருந்து நான் போகலை" என்றேன்.

"அப்ப அவளும் போக வேணாம்" என்றார் வீட்டுக்காரர். பேச்சு முடிந்தது.

மருமகள் புத்தகத்தை மூடினாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து பூண்டு உரித்தாள். அன்றைக்கு வேண்டியது ஏற்கெனவே உரித்தாகிவிட்டது. அவள் பாட்டுக்கு உரித்துக்கொண்டே இருந்தாள்.

"மாமி, அங்க யாராச்சும் எதுவும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலை."

சொல்லாததுதான் குறை என்று எப்படிச் சொல்வேன்? ஒருத்தர் டம்ளரை மூடி வைத்ததற்காக ஒரு பிள்ளையின் நாற்காலியைப் பிடுங்குகிறேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் மறுபடியும் அந்த ஜன்னல் கட்டையைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. ஓதினாலும் மனசு நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவில் ஒரு ஸ்கூட்டிச் சத்தம். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வெள்ளை முக்காட்டுக்கு மேலே ஹெல்மெட். கால் வைக்கிற இடத்தில் எங்கள் குண்டான். அதிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டு ஆடுகிறது. பெரிய சிஸ்டர்!

நான் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்து காதைக் கொடுத்தேன். கீழே வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க சிஸ்டர், வாங்க. ஹாஸ்டலுக்கா? சிங்கிளா, டபுளா? இலவம்பஞ்சு புதுசா வந்திருக்கு, கையை வச்சுப் பாருங்க."

"மெத்தை வேணாம் பாய். பாத்திரம் குடுக்க வந்தேன். வெறும் பாத்திரமாக் குடுக்கக் கூடாதுல்ல, எங்க தோட்டத்து முருங்கக்கா. அம்மா இல்லையா? வெள்ளிக்கெழமை மொகம் வாடிப்போய்ப் போனாங்க. ரெண்டு நாளா எனக்கு மனசே சரியில்ல."

"ஏன், என்ன நடந்துச்சு?"

"எங்களுக்கு இப்பத் தவக்காலம் பாய். ஈஸ்டருக்கு முந்தி நாப்பது நாளு. வெள்ளிக்கெழமை சுத்த போசனம், கறி தொடமாட்டோம். அம்மா அம்புட்டு ஆசையா ஊத்தி நீட்டுறாங்க. வேணாம்னு சொல்ல நாலு பேருக்கும் வாய் வரலை. பேசாம மூடி வச்சிட்டோம். சரி, வாட்ச்மேன் அண்ணனாச்சும் சாப்பிடட்டும்னு கொண்டுபோய்க் குடுத்தா, அவரு, 'சிஸ்டர், வெள்ளிக்கெழமை நான் கவுச்சி தொடமாட்டேன்'ங்கிறாரு!"

வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். மெத்தையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அப்ப வெள்ளிக்கெழமை கறி திங்கிற ஆளு அம்புட்டுப் பெரிய காலேஜுல நாங்க மட்டுந்தானா?"

"ஆமா பாய். ஃப்ரிட்ஜுல வச்சு, சனிக்கெழமை அண்ணனும் ஹாஸ்டல் பிள்ளைகளும் வழிச்சிட்டாங்க. நான்தான் இன்னும் ஒரு வாய்கூடப் பாக்கலை. நாப்பது நாளும் கறி வேணாம்னு நேர்ந்திருக்கேன்."

"ஏய், எறங்கி வா கீழ!" என்று அவர் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

எனக்குப் பின்னால் மருமகள் வந்து நின்றதை அப்போதுதான் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "மாமி! இதுக்கா முட்டி வலிச்சது?" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாக இறக்கிவிட்டாள்.

சிஸ்டர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். "எம்மேல கோவமாம்மா?" என்றார்கள்.

கழுத்து வேர்த்தது. ஆனாலும் பேசினேன். அவர்களிடம் நான் பேசின முதல் பேச்சு அதுதான்.

"கறிக்குப் பதிலா கேரட்டு, பீன்ஸு போட்டா வெள்ளிக்கெழமைக்கு ஆகுமா?"

"ஆகும்மா, நல்லா ஆகும். நாங்களும் தவக்காலத்துல கஞ்சிதான் காய்ச்சுவோம். ஆனா எங்க கஞ்சி சப்புன்னு இருக்கும்" என்றார்கள். பிறகு மருமகளைக் காட்டி, "இவளைக் கூட்டிட்டு வந்துருங்க. அடுத்த வாரம் மாதிரிப் பரீட்சை. எங்க கிறிஸ்துமஸ் ராஜா பாதியில நிக்கக் கூடாது" என்றார்கள்.

மருமகள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "என்னது ராஜாவா?" என்றார் வீட்டுக்காரர். சிஸ்டருக்கு ரகசியம் தெரியாது. தாடி, கிரீடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். அவர் யோசித்தார். "கெழக்க இருந்து ஒட்டகத்துல வந்த ராஜான்னா அது நம்ம பக்கத்து ஆளாத்தான் இருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். மருமகளுக்கு உயிர் வந்தது.

திங்கட்கிழமை நாங்கள் இரண்டு பேரும் போனோம். அடுத்து வந்த வெள்ளிக்கிழமைகளில் காய்கறிக் கஞ்சி. சிஸ்டர்மார், பிள்ளைகள், வாட்ச்மேன் எல்லோருக்கும் ஒரே குண்டான். "இப்பத்தான் பாயம்மா கணக்கு நேராயிருக்கு" என்றார் வாட்ச்மேன். வீட்டில்தான் முணுமுணுப்பு. அவருக்கென்று தனியாகக் கறி போடுகிறேன் என்றால் அதற்கும் சம்மதிக்கவில்லை. "ரெண்டு கஞ்சி எதுக்கு? மருமக வேலைக்குப் போற வரைக்கும் எனக்கும் தவக்காலந்தான்னு நெனச்சுக்கிறேன்" என்று சொல்லிக் கேரட்டை ஒதுக்கி ஒதுக்கிக் குடித்தார்.

பெருநாள் வந்தது. அவர்களுக்கு அப்போதும் நாற்பது நாள் முடியவில்லை. இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. பிரியாணியை வீட்டில் வைத்துவிட்டுச் சேமியாப் பாயசம் மட்டும் கொடுத்துவிட்டேன்.

நோன்பு முடிந்ததால் நான் போகிற வேலையும் முடிந்தது. மருமகள் தனியாகப் போய் வந்தாள். சாயங்காலம் அஸர் தொழுது முடித்ததும் எனக்குத்தான் கை தூக்குவாளியைத் தேடியது. இத்தனை வயசுக்கு மேல் எனக்கு ஒரு காலேஜ் பழக்கம்!

ஈஸ்டர் முடிந்ததும் மருமகளிடம் சிஸ்டர் சொல்லிவிட்டார்கள். "இந்த வார வெள்ளிக்கெழமை எங்களுக்குத் திருநாள் மாதிரி, கறி சாப்பிடலாம். அம்மாட்ட சொல்லு."

நான் கொத்துக்கறி வாங்கி வரச் சொன்னதும் வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நோன்பு இல்லாத மாசத்துல நோன்புக் கஞ்சியா? பள்ளிவாசல்ல கேட்டா என்ன சொல்வாங்க?"

"நீங்க போய்ச் சொல்லாட்டி அவங்க ஏன் கேக்கப்போறாங்க?" என்றேன்.

சாயங்காலம் கடைக் குட்டியானை வண்டியை எடுத்து, மெத்தைகளுக்கு நடுவில் குண்டானை அசையாமல் வைத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டி வந்தார். கேட்டில் வாட்ச்மேன் மணத்தைப் பிடித்துவிட்டார்.

"பாயம்மா, இன்னைக்கு வெள்ளிக்கெழமையாச்சே! நான் என்ன பண்ண?"

நான் மடியிலிருந்த சின்னத் தூக்குவாளியை நீட்டினேன். "தெரியும்ணே. கேரட்டு போட்டது. ஒங்களுக்குத் தனி."

வீட்டுக்காரர் வண்டியிலிருந்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் முதல் டம்ளரை நின்றுகொண்டே குடித்தார்கள். இரண்டாவதை உட்கார்ந்து குடித்தார்கள். மூன்றாவதுக்கு டம்ளரை நீட்டும்போது, "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்கள். அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி சரியான நாளில் வந்தது. "இல்ல சிஸ்டர், ஒங்க கூடத்தான்" என்று சொல்லி எனக்கும் ஊற்றிக்கொண்டேன்.

மருமகள் பரீட்சை எழுதிவிட்டாள். நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. போன வாரம் கடையில் மெத்தைச் சுருட்டுகளுக்குப் பின்னால் துணி தேடப் போனேன். அங்கே பழைய வேட்டியில் சுற்றி என்னமோ இருந்தது. பிரித்துப் பார்த்தால், ஒரு நாற்காலி அளவுக்குச் சதுரமாக ஒரு திண்டு. நல்ல இலவம்பஞ்சு, நீலத் துணி, நாலு மூலையிலும் கட்டுவதற்கு நாடா.

"இது யார் கேட்டது?" என்றேன்.

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சர்க்கார் நாற்காலியெல்லாம் வெறுங் கட்டையா இருக்குமாம். இருக்கட்டும், அவகிட்ட இப்பச் சொல்லாத."